தொலைவும் உறவும்: தொடக்ககால வேல்ஸ் இரும்புத் தொழிலில் குடும்ப வணிகக் கடிதங்கள்

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தென் வேல்ஸின் மெர்த்தர் டிட்வில் பகுதி உலகின் முதன்மையான இரும்பு உற்பத்தி மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அங்கிருந்த ஆலைகள் பெரும்பாலும் குடும்பங்களின் உடைமையாக இருந்தன. ஆலை ஓரிடத்திலும் விற்பனையும் முதலும் வேறோரிடத்திலும் இருந்தமையால், தந்தை, மகன், மருமகன், மைத்துனர் ஆகியோர் கடிதங்களின் வழியாகவே தொழிலை நடத்தினர். கிராஷே, கெஸ்ட் ஆகிய இரு குடும்பங்களின் கடிதங்களை முன்வைத்து, அவை நடந்தவற்றின் பதிவுகளாக மட்டுமன்றி நிருவாகக் கருவிகளாகவும் செயற்பட்டன என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தொலைவால் உருவான சான்றுகளாதலின் அவற்றின் மௌனங்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: வேல்ஸ், மெர்த்தர் டிட்வில், இரும்பாலை, குடும்ப வணிகம், வணிகக் கடிதம், கடிதப் படியேடு, ஆவணக் காப்பகம்

முன்னுரை

தொழிற்புரட்சி பற்றிய நூல்கள் பொதுவாகப் பொறிகளையும் புத்தாக்கங்களையும் முன்னிறுத்துகின்றன. ஓர் ஆலையில் எத்தனை டன் இரும்பு உருவாயிற்று என்பதைக் கணக்கேடுகள் கூறும். ஒரு புதிய உலை எப்போது கட்டப்பட்டது என்பதை ஒப்பந்தங்கள் கூறும். ஆனால் அந்த உலையைக் கட்டலாமா என்று இருவர் கருத்து மாறுபட்டதையும், ஒருவர் மற்றவரை எவ்வாறு இணங்கவைத்தார் என்பதையும் அறியக் கடிதங்களே பெரிதும் துணைசெய்கின்றன. வேல்ஸ் இரும்புத் தொழிலின் வரலாறு விரிவாக எழுதப்பட்டமைக்கு அத்தகைய கடிதங்கள் பெருந்தொகையாக எஞ்சியிருப்பது ஒரு முக்கியக் காரணமாகும்.

இக்கடிதங்களை எழுதியோர் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர். எனவே ஒரே தாளில் இரும்பின் விலையும் உறவின் மனத்தாங்கலும் இடம்பெறுகின்றன. இதனை வணிக ஆவணமாகக் கொள்வதா, குடும்ப ஆவணமாகக் கொள்வதா என்னும் வினா எழுகின்றது. அவ்வாறு பிரித்துப் பார்ப்பதே பொருந்தாது என்பதை இக்குடும்பங்களின் கடிதங்களைக்கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெர்த்தர் டிட்விலும் நான்கு ஆலைகளும்

மெர்த்தர் டிட்வில், தென் வேல்ஸின் கிளமார்கன் பகுதியில் டாஃப் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்தது. இரும்புக்கனியம், நிலக்கரி, சுண்ணாம்புக்கல், ஓடும் நீர் ஆகிய நான்கும் அங்கு அருகருகே கிடைத்தன. 1759இல் டவ்லைஸ், 1763இல் பிளிமத், 1765இல் கவார்த்வா, 1784இல் பெனிடாரன் என நான்கு ஆலைகள் அப்பகுதியில் தோன்றின. 1801ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7,700க்குச் சற்று மிகுதியான மக்களைக் கொண்டிருந்த மெர்த்தர், அப்போதே வேல்ஸின் மிகப்பெரிய ஊராக இருந்தது.

கவார்த்வா ஆலையைத் தொடங்கியவர்கள் ஆந்தனி பேக்கனும் வில்லியம் பிரவுன்ரிக்கும் ஆவர். ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தின் கனிம உரிமை ஆண்டுக்கு 100 பவுன் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகையாக அவர்களுக்குக் கிடைத்தது. பேக்கன் இலண்டன் வணிகர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பிரவுன்ரிக் வட இங்கிலாந்தின் வைட்ஹேவனைச் சார்ந்த மருத்துவர். ஆலைக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட சார்ல்ஸ் வுட் 1766–67ஆம் ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பு இன்றும் கிடைக்கின்றது. முதல் போட்டவர்கள் தொலைவில் இருக்க, களத்தில் இருப்பவர் எழுதி அறிவிக்கும் முறை தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டதை இச்செய்திகள் காட்டுகின்றன.

கடிதம் தேவைப்பட்ட சூழல்

இரும்பாலையை மலைப்பள்ளத்தாக்கில்தான் அமைக்கவேண்டும். கனியமும் கரியும் அங்கேதான் உள்ளன. ஆனால் உருவான இரும்பை வாங்குவோர் இலண்டனிலும் பிரிஸ்டலிலும் துறைமுக நகரங்களிலும் இருந்தனர். கூலிக்கும் கட்டுமானத்திற்கும் வேண்டிய கடன் நகர வணிகர்களிடமும் வங்கிகளிடமும் கிடைத்தது. ஆகவே ஆலையின் செயற்பாடு உற்பத்தியிடம், விற்பனையிடம் என இரண்டாகப் பிரிந்தது.

இவ்விரு இடங்களுக்கும் இடையே போக்குவரத்து எளிதாக இல்லை. மெர்த்தரிலிருந்து கடற்கரையிலுள்ள கார்டிஃபுக்கு 1767 முதல் வண்டிப்பாதை இருந்தது. 1790ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெட்டப்பட்ட கிளமார்கன்ஷயர் கால்வாய் 1794இல் மெர்த்தரையும் கார்டிஃபையும் இணைத்தது. ஏறத்தாழ 25 மைல் நீளமுள்ள அக்கால்வாயில் படகுகளை ஏற்றியிறக்கும் மதகுகள் ஐம்பதளவில் இருந்தன. இரும்பு கால்வாய் வழியே கடலை அடைந்து கப்பலில் இலண்டனுக்குச் சென்றது. கடிதமோ தரைவழியே அஞ்சல் வண்டியில் இரும்பினும் விரைவாகச் சென்றது. சரக்கு வந்து சேர்வதற்கு முன்பே அதன் அளவையும் தரத்தையும் இலண்டன் அறிந்துகொள்ளவும், விலை வீழ்ச்சியை ஆலை முன்னரே அறிந்துகொள்ளவும் இது வழிசெய்தது.

உலையின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. கல்கரியால் எரியும் ஊதுலை இரவுபகலாக எரிந்துகொண்டிருக்கவேண்டும். அதனை அணைத்து மீண்டும் மூட்டுவது பெருஞ்செலவு. ஆதலின் விலை வீழ்ந்தபோதும் ஆலை இரும்பை உருவாக்கிக்கொண்டே இருக்கும். விற்பவருக்கு நிறுத்திவைப்பது ஆதாயம். உற்பத்தி செய்பவருக்கு ஓட்டுவது கட்டாயம். ஒரே குடும்பத்தின் இருவர் இவ்விரு பொறுப்புகளையும் ஏற்கும்போது அவர்களிடையே கருத்து மாறுபாடு எழுவது இயல்பு. அதனை ஆளின் குணக்குறையாக மட்டும் விளக்குதல் போதாது. தொழிலின் அமைப்பிலேயே அது அடங்கியிருந்தது.

கடிதத்தின் புறவடிவமும் பாதுகாப்பும்

அக்காலக் கடிதம் உறையின்றி, எழுதிய தாளையே மடித்து அரக்கு முத்திரையிட்டு அனுப்பப்பட்டது. தாள்களின் எண்ணிக்கையையும் தொலைவையும் பொறுத்துக் கட்டணம் அமைந்தது. அதனைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர். 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை நடைமுறைக்கு வரும்வரை இந்நிலை நீடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கட்டணமின்றிக் கடிதம் அனுப்பும் சலுகை அதுவரை இருந்தது. எனவே குடும்பத்தில் ஒருவர் உறுப்பினராக இருப்பது செலவு நோக்கிலும் பயனுடையதாக இருந்தது. ஒரே தாளில் பல செய்திகளைத் திணித்து எழுதும் வழக்கத்திற்கும் இக்கட்டண முறை ஒரு காரணம். விலை, நிலுவை, நோய், திருமணம் ஆகியவை ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளவேண்டும்.

அனுப்பிய கடிதத்தின் படியை வணிகர்கள் ஓர் ஏட்டில் எழுதிவைத்தனர். இதனைக் கடிதப் படியேடு எனலாம். வந்த கடிதங்கள் தனிக் கட்டுகளாகக் கட்டிவைக்கப்பட்டன. வழக்கோ கணக்குப் பிணக்கோ எழுந்தால் சான்று காட்டுவதே இதன் நோக்கம். இவ்வேறுபாடு ஆய்வாளருக்கு மிக இன்றியமையாதது. படியேட்டில் அனுப்பியவரின் குரல் மட்டுமே கேட்கும். கடிதக் கட்டில் எழுதிவந்தவர்களின் குரல் மட்டுமே கேட்கும். இரண்டும் ஒருங்கே எஞ்சுவது அரிது.

ரிச்சர்டு கிராஷேயின் 1788–1797ஆம் ஆண்டுக் கடிதப் படியேடு கிறிஸ் எவன்ஸ் பதிப்பில் 1990இல் வெளிவந்தது. கிராஷே குடும்பத்தின் பிற்காலக் கடிதங்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தின் கவார்த்வா ஆவணங்களில் அடங்கும். அவற்றைப் பயன்படுத்தி ஜான் அடிஸ் கிராஷே மரபினர் பற்றிய தம் நூலை 1957இல் வெளியிட்டார். டவ்லைஸ் நிறுவனத்தின் கடிதங்கள் கிளமார்கன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றுள் 1782 முதல் 1860 வரையிலான தேர்ந்த கடிதங்களை மேடலின் எல்சாஸ் 1960இல் பதிப்பித்தார்.

கிராஷே குடும்பம்: தந்தை – மகன் கடிதங்கள்

ரிச்சர்டு கிராஷே 1739இல் யார்க்ஷயரின் நார்மன்டனில் பிறந்தவர். தந்தையோடு பிணங்கிப் பதினாறாம் அகவையில் இலண்டனுக்குச் சென்றார் என்றொரு செய்தி அவரைப் பற்றி வழங்குகின்றது. அங்கு இரும்பு வணிகத்தில் பணியாற்றித் தாமே பெருவணிகரானார். சுவீடன், ரஷ்யா ஆகிய நாடுகளின் இரும்பை இறக்குமதி செய்து விற்றவர் அவர். 1786இல் பேக்கன் இறந்தபின் கவார்த்வாவைக் கூட்டாளிகளுடன் குத்தகைக்கு எடுத்தார். ஜேம்ஸ் காக்ஷட் ஆலையைக் கவனித்தார். கிராஷே இலண்டனிலிருந்து எழுதினார். 1791இல் அக்கூட்டாண்மை முறிந்தது. அதன்பின் கிராஷே கவார்த்வாவிலேயே தங்கி ஆலையை நேரில் நடத்தினார். 1794 அளவில் அவரே தனி உரிமையாளரானார்.

இக்காலத்துக் கடிதங்களில் தொழில்நுட்பமும் ஒரு பொருளாகும். ஹென்றி கார்ட் 1783, 1784ஆம் ஆண்டுகளில் இரு காப்புரிமைகளைப் பெற்றார். வார்ப்பிரும்பை எதிரொளிப்பு உலையில் உருக்கிக் கிளறித் தேனிரும்பாக்கும் பட்லிங் முறையும், அதனைப் பள்ளமிட்ட உருளைகளுக்கிடையே செலுத்திச் சட்டங்களாக்கும் முறையும் அவற்றுள் அடங்கும். 1787இல் கிராஷே டன்னுக்கு 10 ஷில்லிங் உரிமத்தொகை தர இசைந்து இம்முறையை ஏற்றார். ஆனால் அது தொடக்கத்தில் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காப்புரிமை ஆவணம் ஒரு முறையை முழுமை பெற்றதாகக் காட்டும். கிராஷேயின் படியேடோ அதே முறை ஆலையில் பல ஆண்டுகள் தடுமாறித் திருத்தப்பட்டதைக் காட்டுகின்றது. அத்திருத்தங்களுக்குப் பின்னரே அது வேல்ஸ் முறை என்னும் பெயரைப் பெறுமளவுக்கு அப்பகுதியில் நிலைபெற்றது. 1812 அளவில் கவார்த்வா ஆண்டுக்கு 10,000 டன்னுக்கு மேல் சட்ட இரும்பு உருவாக்கியது.

1810இல் ரிச்சர்டு இறந்தபோது ஆலை எட்டுப் பங்குகளாகப் பிரிந்தது. மகன் முதலாம் வில்லியத்திற்கு மூன்று பங்கும், மகளின் கணவர் பெஞ்சமின் ஹாலுக்கு மூன்று பங்கும், சகோதரி மகன் ஜோசப் பெய்லிக்கு இரண்டு பங்கும் சென்றன. ஒரே மகன் இருந்தும் அவருக்குப் பெரும்பான்மைப் பங்கு கிடைக்கவில்லை என்பது தந்தை – மகன் உறவின் நிலையை உணர்த்துகின்றது. முதலாம் வில்லியம் சில ஆண்டுகளில் மற்ற இருவரின் பங்குகளையும் விலைக்குப் பெற்றார். ஜோசப் பெய்லி தம் உடன்பிறந்தார் கிராஷே பெய்லியுடன் நான்டிக்ளோ ஆலையில் தனித்து வளர்ந்தார். உறவினர் ஒருவரை வெளியேற்றிய விலையே அவர் போட்டியாளராக எழுவதற்குரிய முதலாகவும் ஆயிற்று.

முதலாம் வில்லியம் கவார்த்வாவில் வாழ விரும்பவில்லை. இலண்டனில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஜார்ஜ் யார்டு வணிக இல்லத்திலிருந்தே தொழிலை ஆண்டார். அவருடைய மகன் இரண்டாம் வில்லியம் கவார்த்வாவில் ஆலையைக் கவனித்தார். தந்தைக்குச் சந்தை தெரியும். மகனுக்கு உலை தெரியும். தந்தையிடம் உரிமை இருந்தது. மகனிடம் அன்றாடப் பொறுப்பு இருந்தது. இவ்விருவருக்கும் இடையிலான கடிதங்களே கவார்த்வா ஆவணங்களின் உயிர்ப்பகுதியாகும். விலையை யார் முடிவுசெய்வது, எவ்வளவு இருப்பு வைப்பது, எவ்வளவு செலவிடுவது ஆகியவை அவற்றில் மீண்டும் மீண்டும் எழும் வினாக்கள். அவற்றுள் ஒவ்வொன்றும் தொழில்வினாவாகத் தொடங்கி, மகனுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்னும் குடும்ப வினாவில் முடிகின்றது.

இதற்குத் தெளிவான சான்று கவார்த்வாக் கோட்டை. இரண்டாம் வில்லியம் 1824–25இல் கட்டடக்கலைஞர் ராபர்ட் லூகரைக்கொண்டு ஆலையை எதிர்நோக்கும் மேட்டில் கோட்டை வடிவில் ஒரு மாளிகை கட்டினார். அதற்கு ஏறத்தாழ 30,000 பவுன் செலவாயிற்று. தந்தை அதனை வீண்செலவாகக் கருதி ஏற்கவில்லை. ஆலையில் ஈட்டிய பணம் ஆலைக்கே திரும்பவேண்டும் என்பது வணிகரின் நோக்கு. ஆலைக்கு உரியவர் ஊரில் உரியவராகத் தோற்றமளிக்கவும் வேண்டும் என்பது அவ்வூரில் வாழ்பவரின் நோக்கு. கோட்டையின் கற்களைக்கொண்டு மட்டும் இம்முரணை அறிய இயலாது. இரு நகரங்களுக்கிடையே கடிதம் சென்றமையால்தான் அது பதிவாயிற்று.

டவ்லைஸ்: மைத்துனர் கடிதங்கள்

டவ்லைஸின் நிலை வேறானது. அது பலர் கூடித் தொடங்கிய கூட்டாண்மை. இங்கிலாந்தின் புரோஸ்லியிலிருந்து வந்த ஜான் கெஸ்ட் 1767இல் அதன் மேலாளரானார். பின்னர்ப் பங்கும் பெற்றார். அவர் மகன் தாமஸ் கெஸ்ட் ஆலையில் பணியாற்றினார். ஜான் கெஸ்டின் மகளை மணந்த வில்லியம் டெய்ட் கார்டிஃபிலிருந்து விற்பனையையும் கொடுக்கல் வாங்கலையும் கவனித்தார். அதாவது ஆலையில் மைத்துனர், துறைமுகத்தில் மைத்துனர் என்னும் அமைப்பு இங்கு நிலவியது.

இலண்டனுக்கும் மெர்த்தருக்கும் இடையிலான தொலைவோடு ஒப்பிட, கார்டிஃபுக்கும் டவ்லைஸுக்கும் இடையிலான தொலைவு சிறிது. ஆதலின் இக்கடிதங்கள் குறுகியவை, அடிக்கடி எழுதப்பட்டவை, உடனடித் தேவை பற்றியவை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய இரும்பின் தரம், வராத சரக்கு, செலுத்தப்படாத தொகை, முதிர்வுநாள் நெருங்கும் உண்டியல் ஆகியன அவற்றின் பொருள்கள். உண்டியல் என்பது குறித்த நாளில் பணம் தருவதாக வணிகர் ஒருவர் ஏற்றெழுதும் சீட்டு. நாணயம் அரிதாக இருந்த அக்காலத்தில் இரும்பு வணிகம் பெரும்பாலும் உண்டியலிலேயே நடந்தது. ஒருவரின் உண்டியலை ஏற்கலாமா என்பது அவருடைய நாணயத்தைப் பற்றிய மதிப்பீடாகும். அத்தகைய மதிப்பீட்டை அயலாரிடம் எழுத்தில் தருவது இடர்மிக்கது. உறவினரிடம் ஒளிவின்றி எழுதலாம். குடும்பம் தொழிலுக்கு வழங்கிய பெரும்பயன்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

போட்டியாளருடனான உறவும் இக்கடிதங்களின் பின்னணியில் உள்ளது. கிளமார்கன்ஷயர் கால்வாயில் கிராஷேயின் செல்வாக்கு மிகுந்திருந்தமையால் மற்ற மூன்று ஆலைகளும் மனநிறைவின்றி இருந்தன. டவ்லைஸ், பெனிடாரன், பிளிமத் ஆகியவை இணைந்து கால்வாயின் மேற்பகுதியைத் தவிர்த்துச் செல்லும் ஒரு தண்டவாளப் பாதையை அமைத்தன. அது 1802இல் பயன்பாட்டுக்கு வந்தது. குதிரைகள் வண்டியிழுத்த அப்பாதையில்தான் 1804 பிப்ரவரி 21 அன்று ரிச்சர்டு டிரெவிதிக்கின் நீராவிப் பொறி 10 டன் இரும்பையும் ஏறத்தாழ 70 ஆள்களையும் இழுத்துச் சென்றது. அந்நிகழ்வின் முதன்மைச் சான்றும் ஒரு கடிதமே. மறுநாள் டிரெவிதிக் தம் நண்பர் டேவிஸ் கிடிக்கு எழுதிய கடிதத்திலிருந்தே அப்பயணத்தின் அளவுகளை வரலாற்றாசிரியர்கள் அறிகின்றனர்.

தாமஸ் கெஸ்ட் 1807இலும் டெய்ட் 1815இலும் இறந்தனர். டெய்டின் பங்குகள் தாமஸின் மகன் ஜான் ஜோசையா கெஸ்டுக்குச் சென்றமையால் அவர் டவ்லைஸின் முதன்மைப் பங்காளரானார். மருமகனாக வந்தவரின் பங்கு மீண்டும் பிறந்த குடியின் மகனிடமே திரும்பியது. திருமணம் வழியாகச் சிதறக்கூடிய முதலை இறப்புரிமை வழியாக ஒன்றுசேர்ப்பது இக்குடும்ப நிறுவனங்களின் இயல்பாக இருந்தது.

சார்லட் கெஸ்ட்: எழுதிய பெண்

இதுவரை கூறப்பட்ட கடிதங்களை எழுதியோர் ஆண்கள். ஆனால் ஆலையின் எழுத்துப்பணியில் பெண்ணுக்கும் இடம் இருந்ததை டவ்லைஸ் காட்டுகின்றது. ஜான் ஜோசையா கெஸ்ட் 1833இல் லின்ட்சே பிரபுவின் மகள் சார்லட்டை மணந்தார். அவர் மபினோகியன் எனப்படும் வேல்ஸ் இடைக்காலக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவராக இலக்கிய உலகில் அறியப்படுபவர். அவரே கணவரின் வணிகக் கடிதப்பணியிலும் கணக்குகளிலும் துணைநின்றார். சிறுவயது முதல் முதுமை வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அலுவல் கடிதங்களுக்குப் பின்னிருந்த கவலைகளை அறிய உதவுகின்றது.

1845 அளவில் டவ்லைஸில் 18 ஊதுலைகளும் 7,000க்கு மேற்பட்ட தொழிலாளரும் இருந்தனர். அத்தகைய ஆலையின் நிலக்குத்தகை 1848இல் முடிவடைய இருந்தது. நிலத்துக்குரிய பியூட் பிரபுவுடன் புதுப்பித்தல் பற்றிய பேச்சு நீண்டு, ஆலையே மூடப்படுமோ என்னும் நிலை ஏற்பட்டுப் பின்னரே உடன்பாடு கைகூடியது. 1852இல் கணவர் இறந்தபின் சார்லட் அறங்காவலர் என்னும் நிலையில் ஆலைப் பொறுப்பை ஏற்றார். 1855இல் மறுமணம் செய்துகொள்ளும்வரை அப்பொறுப்பில் இருந்தார். கணவர் உள்ளவரை ஆலை நிருவாகத்தில் அவருடைய உழைப்பு கணவரின் பெயரிலேயே வெளிப்பட்டது. கையொப்பத்தை மட்டும் கொண்டு ஒரு கடிதத்தின் ஆசிரியரை முடிவுசெய்வது எப்போதும் பொருந்தாது என்பதற்கு இது சான்றாகும்.

உறவுச்சொற்களும் பொருள்மயக்கமும்

இக்கடிதங்களைப் படிப்போர் சொற்பொருளிலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மைத்துனரையும் சகோதரர் என்றே எழுதும் வழக்கம் இருந்தது. நண்பர் என்னும் சொல் நெருங்கிய உறவினரையும் ஆதரவாளரையும் குறித்தது. வணிக நிறுவனத்தையும் இல்லத்தையும் குறிக்க ஒரே சொல் பயன்பட்டது. தமிழில் மாமன், மைத்துனன், மருமகன், சம்பந்தி எனத் தனித்தனியே வழங்கும் உறவுகள் அங்கு ஒரு சில சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே பெயர்களைக் குடிவழியோடு பொருத்திப் பாராமல் ஒரு கடிதத்தின் உறவுநிலையைத் துணிதல் கூடாது.

அதே வேளையில், நிறுவனத்திற்கும் இல்லத்திற்கும் ஒரே சொல் வழங்கியது வெறும் சொற்பஞ்சம் அன்று. தனிநபர் சொத்தையும் நிறுவனச் சொத்தையும் பிரிக்கும் வரையறுத்த பொறுப்புடைய குழுமச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பிரிட்டனில் உருவாயிற்று. அதுவரை கூட்டாளி ஒருவர் நிறுவனத்தின் கடனுக்குத் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பாவார். ஆலை வீழ்ந்தால் வீடும் வீழும். மகனின் செலவைப் பற்றித் தந்தை கடுமையாக எழுதும்போது, அங்குப் பேசப்படுவது அறிவுரையா நிதிநிருவாகமா என்று பிரித்தறிய முடியாததற்குக் காரணம் இதுவே.

கடிதங்கள் காட்டாதவை: 1831

கடிதம் தொலைவால் பிறப்பது. எனவே ஒரே ஊரில் இருந்தோர் பேசியவை அதில் இல்லை. உரிமையாளர் அலுவலகத்தில் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கூறியவை இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாகத் தொழிலாளரின் சொற்கள் இல்லை. மெர்த்தரின் தொழிலாளருள் பெரும்பாலோர் வேல்ஸ் மொழி பேசியவர்கள். ஆலைக்கடிதங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவர்களுடைய உழைப்பு அக்கடிதங்களில் டன்னுக்கு இத்தனை ஷில்லிங் என்னும் செலவாக மட்டுமே பெரிதும் தோன்றுகின்றது.

இதன் விளைவை 1831ஆம் ஆண்டின் மெர்த்தர் எழுச்சி உணர்த்துகின்றது. 1829 முதல் இரும்பின் விலை வீழ்ந்திருந்தது. மற்ற ஆலைகள் கூலியைக் குறைத்தபோதும் குறைக்காதிருந்த இரண்டாம் வில்லியம் கிராஷே, 1831 மே மாதத்தில் இரும்புக்கனியம் தோண்டுவோரின் கூலியைக் குறைத்தார். பட்லிங் தொழிலாளர் சிலரையும் நீக்கினார். விலை வீழும்போது செலவைக் குறைப்பது என்பது வணிகக் கடிதத்தின் மொழியில் ஒரு வரியில் அடங்கும் செய்தி. மெர்த்தரின் தெருக்களில் அது அவ்வாறு அடங்கவில்லை. ஏற்கெனவே கடன் நீதிமன்றத்தின் ஆணையால் தட்டுமுட்டுப் பொருள்களை இழந்துகொண்டிருந்த மக்கள் ஜூன் 2 அன்று அந்நீதிமன்ற அலுவலரின் வீட்டைத் தாக்கி, அங்கிருந்த கணக்கேடுகளை எரித்தனர். மறுநாள் காசில் விடுதியின் முன் படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் இறந்தனர். டிக் பென்டெரின் என்று அறியப்பட்ட ரிச்சர்டு லூயிஸ் ஆகஸ்டு 13 அன்று கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டார்.

மக்கள் முதலில் எரித்தவற்றுள் ஏடுகளும் இருந்தன என்பது நோக்கத்தக்கது. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை அவை. அவர்கள் எழுதியவை அல்ல. எழுச்சிக்குப்பின் கிராஷே தம் தரப்பை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவரிடம் எழுத்தும் அச்சும் இருந்தன. தூக்குமேடை ஏறியவரின் தரப்போ பெரும்பாலும் வாய்மொழி வழக்கிலும் பிறர் அனுப்பிய விண்ணப்பங்களிலும் தங்கியது. ஆலைக் குடும்பங்களின் கடிதங்களை மட்டும் வைத்து 1831ஐ எழுதினால் அது விலைவீழ்ச்சியின் கதையாகவே அமையும். நீதிமன்றப் பதிவுகளையும் அரசு ஆவணங்களையும் மக்கள் வழக்காறுகளையும் சேர்த்துப் படிக்கும்போதே அது மனிதர்களின் வரலாறாகின்றது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து சில முடிபுகளைப் பெறமுடிகின்றது. முதலாவதாக, வேல்ஸ் இரும்புத் தொழிலில் கடிதம் தொழிலின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. உற்பத்தியிடமும் விற்பனையிடமும் பிரிந்திருந்த நிலையில் முடிவுகள் கடிதத்தில்தான் எடுக்கப்பட்டன. இரண்டாவதாக, குடும்ப உறவு இக்கடிதங்களுக்கு நம்பிக்கையையும் பிணக்கையும் ஒருங்கே வழங்கியது. ஒளிவின்றி எழுதச்செய்த அதே உறவு, விலைபற்றிய வினாவை உரிமைபற்றிய பூசலாகவும் ஆக்கியது. வரையறுத்த பொறுப்பு இல்லாத சட்டச்சூழலில் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. மூன்றாவதாக, படியேடு, கடிதக் கட்டு என்னும் பாதுகாப்பு முறையே எவர் குரல் எஞ்சவேண்டும் என்பதை முடிவுசெய்தது.

தொலைவு இல்லாத இடத்தில் கடிதமும் இல்லை. எழுத்து வாய்க்காதவர்க்கு ஆவணமும் இல்லை. குடும்ப வணிகக் கடிதங்களை ஆராய்வோர் ஒவ்வொரு தொகுப்பிலும் எழுதியவர் யார், பெற்றவர் யார், பாதுகாத்தவர் யார், எழுதப்படாதவர் யார் என்னும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். கவார்த்வா, டவ்லைஸ் கடிதங்கள் முதல் மூன்று வினாக்களுக்கும் பெருமளவு விடை தருகின்றன. நான்காவது வினாவுக்கு அவை விடை தரவில்லை. அவ்விடையைத் தேடி வேறு சான்றுகளுக்குச் செல்வது ஆய்வாளரின் கடமையாகும்.